குடியிருக்கும் உத்தியோகம்

ஜெருசலேமின் பாப் ஹுத்தாவில் எங்கள் முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள். வீடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒவ்வொன்றும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவே. இந்த ஆறு வீட்டிலும் பிதுங்கப் பிதுங்க ஜனங்கள் குடியிருப்பதாக அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறது. அரசாங்கமும் அதை நம்பாமல் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிறது. உண்மையில் ராத்திரி இங்கே குறட்டை விடுகிறவர்கள் நானும், என் புருஷனும், என் மூன்று தடியன்களும், மூலை வீட்டுச் செவிட்டுக் கிழவரும்தான். மிச்சம் நான்கு வீட்டையும் குடியிருந்து காப்பாற்றியவள் சுப்ஹிய்யா.

குடியிருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். ஜெருசலேமில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. இங்கே பிறந்த எங்களிடம் நீல அட்டை இருக்கிறது. ஊருக்குள்ளேயே வாழ்கிறோம் என்று காட்டிக்கொண்டே இருக்கிறவரை அது எங்களுடையது. அரசாங்கம் எழுப்பியிருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் போய் வாழ்ந்தோம் என்று தெரிந்தால் அட்டை போய்விடும், அதோடு ஊரும் போய்விடும். ஊருக்குள் வீடு கட்ட அனுமதி கேட்டால் பேரன் காலத்தில் பதில் வரும். வாடகையோ குரல்வளையைப் பிடிக்கும். அதனால் கையில் காசு உள்ளவர்கள் அந்தப் பக்கம் விசாலமாக வீடு கட்டிக்கொண்டு, அட்டைக்காக இந்தப் பக்கம் ஓர் அறையைப் பிடித்து வைத்தார்கள். அந்த அறையில் யாராவது வாழ வேண்டுமே, அதற்குத்தான் சுப்ஹிய்யா.

ஹாஜி பத்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் வியாபாரி. சுவருக்கு அந்தப் பக்கம் அர்-ராமில் மூன்று மாடி வீடு, மாடிக்கு ஒரு நிறத்தில் தரை, சோபா வாங்கி இரண்டு வருஷமாகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. ஆனால் சட்டப்படி அந்த வீட்டில் ஒருவரும் கிடையாது. ஹாஜியும் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இரண்டு மருமகள்களும் எங்கள் முற்றத்தில், என் வாசலுக்கு எதிரே, கழுதை படுத்தால் வால் வெளியே நிற்கிற ஓர் அறையில்தான் வாழ்கிறார்கள். பாவம், எப்படித்தான் சமாளிக்கிறார்களோ.

சுப்ஹிய்யா வருவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பளபளவென்று வைப்பார்கள். யார் வந்தாலும் விருந்தாளி என்று வளர்ந்த ஜனம், வேறென்ன செய்யும்? பக்கத்து முற்றத்தில் ஒரு குடும்பம் ஊதுபத்திகூடக் கொளுத்தி வைத்திருந்தது. மனுஷன் வாழ்கிற வீடு இப்படியா இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள், அதோடு அந்தக் குடும்பத்தின் அட்டைகளும் போயின.

சுப்ஹிய்யா வந்துதான் எங்களுக்கு அழுக்கின் அருமை தெரிந்தது. காலையில் ஹாஜி வீட்டு எட்டு டூத் பிரஷ்ஷையும் நனைப்பாள். ஒன்றிரண்டில் பேஸ்ட்டைக் கழுவாமல் விடுவாள், எட்டுப் பேரும் ஒழுங்காகக் கழுவி வைக்கிற குடும்பம் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி. மெத்தைகளைக் கசக்குவாள். செருப்புகளை வாசலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கழற்றிப் போடுவாள். சீப்பில் முடி வேண்டும். ஹாஜியின் மருமகள்கள் தலைக்குச் சாயம் பூசுகிறவர்கள், இவளுடைய கருத்த முடி ஒத்துவராது. அதனால் மருதாணி போட்ட என் தலையில் உதிர்வதை வாங்கிக்கொண்டு போவாள். நான் ஒரு வீட்டுக்காரி, என் முடி மூன்று வீட்டில் குடியிருந்தது. பிறகு குழாயைத் திறந்துவிட்டு, ஹாஜி குடும்பம் குளித்து முடிக்கிறவரை தண்ணீர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் மேசைமேல் ஐந்து கிளாஸில் டீ ஊற்றி, அடியில் இரண்டு வாய் மிச்சமிருக்கும்படி கொட்டிவிட்டு, ஆளுக்கொரு புதினா இலையைப் போடுவாள். அந்த டீ இல்லாமல் அவளுக்கு வீடு முடிந்த மாதிரியே இருக்காது.

இத்தனை பேரைக் குடிவைத்தவளுக்கு இந்த ஊரில் குடியிருக்க உரிமை கிடையாது. ஹெப்ரோனுக்குத் தெற்கே ஸமூஃ ஊர்க்காரி, சுவருக்கு அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கொடுக்கிற பச்சை அட்டை. எங்கள் ஜனத்தில் மேல் கீழ் கிடையாது, தொழுகையில் எல்லாரும் தோளோடு தோள்தான் என்று ஹாஜி அடிக்கடி சொல்வார். தொழுகை முடிந்து கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் முதல் கேள்வி, பெண் நீலமா பச்சையா. பச்சை என்றால் பெண்ணின் அழகு கொஞ்சம் குறைந்துபோகும். சந்தையில் தள்ளுவண்டி இழுத்த ருஷ்தி ஒருவன்தான் அதைக் கேட்காமல் இவளைக் கட்டிக்கொண்டான். மனைவியோடு சேர்ந்து வாழ அனுமதி வேண்டும் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தான். பதில் வருவதற்குள் ஒருநாள் வண்டியோடு சாய்ந்துவிட்டான். கணவன் இறந்துவிட்டதால் கணவனோடு சேர்ந்து வாழும் தேவை இல்லை என்று அப்புறம் பதில் வந்தது. அதில் ஒரு பிழை சொல்ல முடியுமா?

அவர்களுக்கு லுப்னா என்று ஒரே மகள். அவளுக்கு அப்பன் வழியில் நீலம். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், கெட்டிக்காரி. சுப்ஹிய்யா பிடிபட்டால் அன்றைக்கே சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், திரும்ப வர வழியில்லை. மகளும் கூடவே போனால் மகளின் அட்டையும் படிப்பும் போகும். போகாவிட்டால், இந்த ஊரில் அந்தப் பெண்ணுக்கு வேறு நாதி கிடையாது. சுப்ஹிய்யாவுக்கு இருந்த பயம் இது ஒன்றுதான், ஆனால் அது தூங்கும்போதும் அவள் கூடவே படுத்திருந்தது.

ஹாஜி சம்பளம் என்று கொடுத்ததைச் சொன்னால் எனக்கு வெட்கமாயிருக்கும், விடுங்கள். அதற்குப் பதிலாக ராத்திரியில் தாயும் மகளும் அந்த அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று தாராளம் காட்டியிருந்தார். ஆக, எட்டுப் பேர் வாழ்கிற அறையில் உண்மையிலேயே வாழ்ந்தவர்கள் இந்த இரண்டு பேர். தினமும் விடியும் முன் எழுந்து தங்கள் படுக்கையையும் துணியையும் தங்கள் இரண்டு டூத் பிரஷ்ஷையும் ஒரு மாவுச் சாக்கில் திணித்து என் சமையல் மூலையில் கொண்டுவந்து வைப்பாள். பிறகு போய், இல்லாதவர்களை அந்த அறையில் பரப்புவாள். 

சந்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வீட்டில் மாடியில் அரசாங்கத்தின் கொடி, வாசலில் காவல்காரன். அந்த வீட்டுக்காரர்கள் பண்டிகைக்கு விமானத்தில் வந்து இறங்குவார்கள், பண்டிகை முடிந்தால் ஏறிப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் பூட்டிய வீட்டைக் காவல்காரன் காப்பான். அவர்களுடைய டூத் பிரஷ் ஈரமா காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வாழ்கிறார்கள் என்பதை எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

அந்த வருஷம் ரமலானின் கடைசிப் பத்து நாள் வந்தது. ஹாஜி பத்ரி இந்தப் பத்து நாளை விடவே மாட்டார். ராத்திரியெல்லாம் அக்ஸா பள்ளிவாசலில் தொழுகை, ஓதல். விடிந்ததும் நடந்தே வந்து இந்த அறையில் மதியம்வரை தூங்குவார். அறைக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டதால் சுப்ஹிய்யாவும் லுப்னாவும் என் சமையல் மூலையில் மாவுச் சாக்குக்குப் பக்கத்தில் முடங்கிக்கொள்வார்கள். ஹாஜிக்குத் தெருவில் ரொம்ப மரியாதை. நோன்பு நாளில் என் நடுப்பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒரு சிகரெட் பிடித்ததைக் கண்டுபிடித்து, முற்றத்தின் நடுவில் நின்று அரைமணி நேரம் நரகத்தை வர்ணித்தவர் அவர். வர்ணித்ததைக் கேட்டால் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

ரமலானில் வீட்டை வைக்கிற விதமே வேறு, அது சுப்ஹிய்யாவுக்குத் தெரியும். காலையில், விடியும் முன் சாப்பிட்ட ஸஹர் சாப்பாட்டின் காய்ந்த தட்டு, பேரீச்சங்கொட்டை, கழுவாத சூப்புக் கிண்ணம், அவ்வளவுதான் இருக்கவேண்டும். இருபது நாளும் அப்படித்தான் வைத்தாள். அன்றைக்கு லுப்னாவுக்குப் பரீட்சை. ராத்திரி பூரா மகளோடு விழித்திருந்தாள். அந்த வாரம் அவளுக்கு மாதவிலக்கு, நோன்பு இல்லாத நாட்கள் வேறு, என் அடுப்பில் தனக்கு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு எழுந்தாள். ஹாஜி போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்க, பூனை மாதிரி உள்ளே போய்த் தன் வேலையைச் செய்தாள். மூளை தூங்கினாலும் கை தூங்கவில்லை. எட்டு பிரஷ்ஷும் நனைந்தன, மேசையில் ஐந்து கிளாஸும் நின்றன, அடியில் இரண்டு வாய் டீ, ஆளுக்கொரு புதினா இலை. ரமலானில், காலை வெயிலில், பத்ரி ஹாஜியின் தலைமாட்டில்!

அவள் அங்கிருந்து வந்து என் மூலையில் கிடந்த சாக்கைத் தூக்கி, காற்றாட மொட்டை மாடியில் வைக்கலாமென்று முற்றத்தில் இறங்கினாள். அதே நேரம் முற்றத்து வாசலில் இன்ஸ்பெக்டர்கள் நுழைந்தார்கள். இரண்டு பேர். ஓர் அம்மாள் எழுதுகிறவர், அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது. கூட வந்த இளைஞன் எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசுவான், எங்கள் பண்டிகை, பழக்கம், திட்டு, எல்லாம் அத்துப்படி. மரியாதைக்காரன், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

ஹாஜிக்கு ஒரே சந்தோஷம். பின்னே? இத்தனை வருஷத்தில் சோதனை வந்தபோது அவர் நிஜமாகவே படுக்கையில் இருந்தது இதுதான் முதல் தடவை. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்போடு, வாங்க வாங்க என்று எழுந்து நின்றார். பொய் சொல்லத் தேவையே இல்லாத மனுஷனின் முகம் எவ்வளவு அழகாயிருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இளைஞன் பிரஷ்களைத் தொட்டான், சீப்பைப் பார்த்தான், ஃபிரிட்ஜை முகர்ந்தான், தலையாட்டினான். பிறகு மேசைக்கு வந்து ஒரு கிளாஸைக் கையால் சுற்றிப் பிடித்தான்.

"சூடு ஆறலையே. யாரு குடிச்சது?" என்றான்.

ஹாஜி அப்போதுதான் மேசையைப் பார்த்தார். அந்த அழகெல்லாம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. இளைஞன் அவசரப்படவில்லை. ஒன்று, இந்த வீட்டில் யாரோ நோன்பு வைக்காமல் டீ குடித்திருக்க வேண்டும், அப்படியானால் சரி, வாழ்கிற வீடுதான். இல்லாவிட்டால் இங்கே ஒருவரும் வாழவில்லை, யாரோ வந்து கிளாஸ் அடுக்கிவிட்டுப் போகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினான். கிளாஸ் அடுக்குகிற வீடு என்றால் எட்டு அட்டையும் திரும்பப் போகும், அதை அவன் விளக்கத் தேவையில்லை.

ஹாஜியின் கண் சுப்ஹிய்யாவைத் தேடிப் பிடித்தது. பக்கத்து முற்றத்து மாடி ஜன்னல்களில் நின்றவர்களும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். வேறு யாரைப் பார்ப்பது? அவளுக்கு அந்த வாரம் நோன்பில்லை, நான் குடித்தேன் என்று ஒரு பெண் சொன்னால் ஏன் எதற்கு என்று எவனும் கேட்கமாட்டான். எல்லாருடைய கஷ்டத்தையும் தீர்க்க ஏழை ஒருத்தி பக்கத்திலேயே நிற்கும்போது மனசு தானாக அந்தப் பக்கம் போகிறது, கேடுகெட்ட மனசு.

இளைஞனும் நாங்கள் பார்த்த பக்கம் திரும்பினான். "நீயாம்மா குடிச்ச?"

சுப்ஹிய்யா சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி அட்டை. அதற்கடுத்தது சுவர். பரீட்சை எழுதிவிட்டு மத்தியானம் வருகிற பெண்ணுக்கு அம்மா இருக்கமாட்டாள்.

"நான் எதிர்வீட்டுக்கு மாவு கொண்டுவந்தவங்க. இந்த வீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

அந்த அறையில் எந்த ஆணியில் எந்தச் சட்டை தொங்குகிறது என்று தூக்கத்தில் சொல்லக்கூடியவள் அப்படிச் சொன்னாள். அவன் பார்வை சாக்குக்கு இறங்குவதைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அடியே, மாவைக் கையில வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை? மஅமூல் பலகாரத்துக்குப் பிசைய வேண்டாமா? பெருநாள் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று கத்தினேன். என் கத்தலுக்கு ராணுவமே வழிவிடும். அவள் என் வாசலுக்குள் வந்துவிட்டாள், உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

மேசைப் பக்கம் ஹாஜி போர்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நான்தான் குடிச்சேன்."

"அஞ்சு கிளாஸுமா?"

"பொண்டாட்டி, பசங்க, மருமகளுங்க எல்லாரும் குடிச்சிட்டு வேலைவெட்டிக்குப் போயிட்டாங்க. எங்க வீட்ல..." ஹாஜி மாடி ஜன்னல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்க வீட்ல யாரும் நோன்பு வைக்கிறதில்ல."

செவிட்டுக் கிழவர்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். என் நடுப்பிள்ளை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பெருநாள் அவனுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. இளைஞன் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவன் ஒரு கிளாஸை எடுத்து ஹாஜியின் பக்கம் நகர்த்தினான்.

"ஆறிப் போகுது பாருங்க. மிச்சத்தையும் குடிச்சிடுங்க."

குரலில் ஒரு கிண்டலும் இல்லை, வீட்டுப் பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னான். ஹாஜி கிளாஸை எடுத்தார். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விடாத மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், புதினா இலைகூட உள்ளே போய்விட்டது. எனக்கு அவரைப் பிடிக்காது, இருந்தும் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனையோ வருஷமாக வாழ்கிற வீட்டில் அவர் வாயில் வைத்த முதல் பொருள் அதுதான்.

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. வாசல்வரை போனவன் திரும்பி, "அடுத்த ரமலானுக்கும் இதே மாதிரி ஒருநாள் வருவோம் ஹாஜி. டீ இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் சந்து முனை திரும்பியதும் ஹாஜி என் வாசலுக்கு வந்தார். அரசாங்கத்திடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் சுப்ஹிய்யாவுக்கென்று பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். என் உப்பைத் தின்கிறவள், என் கூரைக்குக் கீழே படுக்கிறவள் என்று ஆரம்பித்தார். தின்ற உப்பு எத்தனை கிலோ என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. "நான்தான் குடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு? பொம்பளைக்குச் சொல்லிக்க ஆயிரம் காரணம் இருக்கு. ஊர் முன்னாடி என்னைக் காஃபிர் ஆக்கிட்டியே."

"சொல்லியிருப்பேன் ஹாஜி," என்றாள் சுப்ஹிய்யா. "அடுத்து கார்டைக் கேப்பான். நீங்க விட்ட நோன்பை அடுத்த மாசம் வச்சுக்கலாம். நான் விட்டுட்டுப் போற புள்ளைய எந்த மாசம் வச்சுக்கிறது?"

பெரிய மனிதர்கள் செய்வதைத்தான் ஹாஜி செய்தார். அந்தச் சாக்கோடு இன்றைக்கே காலி பண்ணு என்றார். என் வீட்டில் பத்து நாள் படுக்கலாம், வருஷம் முழுக்கப் படுக்க இடமில்லை. ஊருக்குள் பச்சை அட்டைக்காரிக்கு வாடகைக்கு இடம் கொடுக்க எவனும் துணியமாட்டான். அவள் போகவேண்டியது ஸமூஃ ஊருக்குத்தான். லுப்னாவோ பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

சுப்ஹிய்யா அழவில்லை. சாக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"போறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இந்த வீட்ல யாரும் நோன்பு வைக்கிறதில்லன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. அடுத்த ரமலானுக்கு வர்றப்ப சூடா டீ யாரு வைக்கிறது? உங்க வீட்டம்மா வந்து வைப்பாங்களா? நீங்க ராத்திரியெல்லாம் பள்ளிவாசல்ல இருந்துட்டு இங்க வந்து படுத்திருந்தா, நோன்பு வைக்காத ஆளுன்னு எவன் நம்புவான்?"

ஹாஜி டைல்ஸ் வியாபாரி அல்லவா, எங்கே விரிசல் விடும் என்று தெரிந்துவிட்டது. இனி ரமலான் வந்தால் அவர் இந்த ஊரில் பக்தியோடு தென்படவே கூடாது. அக்ஸாவின் முற்றத்தில் அவரை ஒருவர் பார்த்து, அது அந்த இளைஞனின் காதுக்குப் போனால் எட்டு அட்டையும் ஆடும். பள்ளிவாசல் இருக்கிற ஊர் கையைவிட்டுப் போகக்கூடாதென்றுதான் இத்தனை பாடும், இப்போது ஊரை வைத்துக்கொள்ளப் பள்ளிவாசலை விடவேண்டும். அவர் என் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், எப்படியும் நோன்பு இல்லையே. கொடுக்கவில்லை.

கடைசியில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "ரமலானுக்கு நான் இனி இந்தப் பக்கம் வரல. நீயே இருந்துக்கோ."

அடுத்த ரமலானின் கடைசிப் பத்து நாளும் ஹாஜி பத்ரி அர்-ராமில் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் உட்கார்ந்து, அக்ஸாவின் தொழுகையை டிவியில் பார்த்து அழுதாராம், அவர் மருமகள் சொன்னாள். இங்கே சுப்ஹிய்யா நோன்போடு எழுந்து, தினமும் காலையில் ஐந்து கிளாஸ் டீ போட்டாள். புதினா வாசம் முற்றம் முழுக்கப் பரவும், நாங்கள் எல்லாரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு அவளைத் திட்டுவோம். லுப்னா பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, தாதிப் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள்.

சொன்னபடி அந்த இளைஞன் வந்தான். கிளாஸைத் தொட்டுப் பார்த்தான், சூடு சரியாக இருந்தது. ஹாஜியைக் காணோமே என்று என்னிடம் கேட்டான்.

"சாப்பிடப் போயிருக்காரு," என்றேன்.

அவன் சிரித்தான், எழுதிக்கொண்டான், அடுத்த கதவைத் தட்டப் போனான். என் கதவுக்குப் பின்னால் சுப்ஹிய்யா மாவுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, இருமல் வந்துவிடக்கூடாதென்று முக்காட்டின் நுனியை வாயில் திணித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். மிச்சக் கதவுகளையும் பார்த்து முடித்து அவர்கள் போகிறவரை நானும் அவளைக் கூப்பிடவில்லை.